‘உங்கள் உருளை எங்கள் அம்மன் வீட்டில்’

துருக்கி மொழியில், உலகத்தில் உள்ள எந்தப் பொருளும் யாருடையது என்று என்னால் சொல்லிவிட முடியும். அந்தப் பொருள் என்ன செய்கிறது, எங்கே போகிறது, எப்போது திரும்பி வரும் என்று மட்டும் என்னைக் கேட்கக் கூடாது. நான் உடைமைப் பாடம் வரைக்கும்தான் படித்தேன். வினைச்சொல் அதற்கு அடுத்த பாடம். அந்தப் பக்கம் போக எனக்கு மனம் வரவில்லை.

(சோம்பேறித்தனம் என்று என் மனைவி இதற்குப் பெயர் வைத்திருக்கிறாள். நான் பிரமிப்பு என்கிறேன். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்: ஆள் அசையாமல் உட்கார்ந்திருப்பான்.)

எண்பதுகளின் நடுவில், ஒரு நேர்காணலுக்காக பெங்களூர் போய், வழக்கம்போலத் தோற்று, பஸ்ஸுக்கு நேரம் இருந்ததால் நடைபாதைப் புத்தகக் குவியலைக் கிளறிக்கொண்டிருந்தபோது அந்தப் புத்தகம் அகப்பட்டது. துருக்கிக்குச் சுற்றுலா போகும் வெள்ளைக்காரர்களுக்காக எழுதியது. எனக்கு அப்படி ஓர் உத்தேசமே இல்லை. ஓசூர் தாண்டினாலே எனக்கு வெளிநாடு. ஆனால் பஸ்ஸில் அதைப் பிரித்தவன், அத்திப்பள்ளி செக்போஸ்ட் வருவதற்குள் வேறு ஆளாகிவிட்டேன்.

அவர்கள் மொழியில் வீட்டுக்கு ‘எவ்’. என் வீடு ‘எவிம்’. உன் வீடு ‘எவின்’. அவன் வீடு, அவள் வீடு, அதன் வீடு மூன்றுமே ‘எவி’. ஆண், பெண், ஆட்டுக்குட்டி என்ற பேதம் கிடையாது. எங்கள் வீடு ‘எவிமிஸ்’. ‘எங்கள் வீட்டிலிருந்து’ என்று நாம் நீட்டிச் சொல்வதை ‘எவிமிஸ்தென்’ என்று ஒரே சொல்லாக மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறார்கள். நம் தமிழைப் போலவே ஒட்டுக்கு மேல் ஒட்டு. ஆனால் நாம் ‘என்’ என்பதை முன்னால் நிறுத்துகிறோம். அவர்கள் அதை வாலில் கட்டிவிடுகிறார்கள். முதலில் வீடு, அப்புறம்தான், போனால் போகிறதென்று, நான். இதில் என்ன ஓர் அடக்கம்!

அதோடு விட்டதா? ‘அலியின் வீடு’ என்று நாம் சொல்லும்போது அலிக்கு மட்டும்தான் ஒட்டு. வீடு தன் பாட்டுக்குத் தேமே என்று நிற்கும். துருக்கியில் அலிக்கும் ஓர் ஒட்டு, வீட்டுக்கும் ஓர் ஒட்டு: ‘அலிநின் எவி’. அலி ‘இது என்னுடையது’ என்கிறார். வீடு ‘ஆமாம், நான் அவருடையதுதான்’ என்று தலையாட்டுகிறது. இரண்டு பக்கமும் ஒப்புக்கொண்டால்தான் உடைமை. எத்தனை குடும்பங்களில் இது நடக்கிறது, சொல்லுங்கள்.

அந்தப் பாடத்தை முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்தேன். பிறகு மறுபடியும். கோயில் கோபுரத்தின் முன்னால் நின்று அண்ணாந்து பார்ப்பவனிடம் ‘உள்ளே போய் சாமி கும்பிடப்பா’ என்றால் எரிச்சல்தானே வரும்? வினைச்சொல் உள்ளே இருந்தது. நான் வெளியிலேயே நின்றுவிட்டேன்.

அதற்குப் பிறகு எனக்குக் கிடைத்த வேலை, சூளகிரிப் பக்கம் நெடுஞ்சாலையோரம் இருந்த ஒரு மாங்கூழ் கம்பெனியில், பழக்கூழின் இனிப்பை அளக்கும் லேப் உதவியாளன். அங்கே கேன்டீனில் உட்கார்ந்து இட்லி, என் இட்லி, உன் இட்லி, அவர்களுடைய இட்லி என்று துருக்கி ஒட்டுகளைப் போட்டு விளக்குவேன். யாரும் கேட்கவில்லை என்பது எனக்கு ஒரு தடையாகத் தெரியவில்லை. சீக்கிரமே எனக்குத் ‘துருக்கி’ என்று பெயர் விழுந்தது. அதையும் விருதாகவே எடுத்துக்கொண்டேன்.

ஃபோர்மேன் முனிராஜ் அண்ணன் ஒருவர்தான் எதிர்க்கேள்வி கேட்பார். “எங்கூட்ல பேசறது தெலுங்கு. மாமியார் ஊட்ல கன்னடம். இங்க தமிழு. மூணு பாஷைல கூப்ட்டும் ஒரு பொருளும் என்னுதா ஆகலடா. நாலாவதா துருக்கில கூப்ட்டா ஆயிடுமா?”

இப்படிப் போய்க்கொண்டிருந்த என் வாழ்க்கையில்தான் அந்த மெஷின் வந்து இறங்கியது.

முந்தைய சீசனில் எங்கள் பழைய மெஷின் மூடிய டின்கள் சரியாக மூடாமல், ஊதிப் போய், போன இடத்தில் படார் படார் என்று வெடித்திருந்தன. வாங்குபவர்கள், இன்னும் ஒரு சீசன் பார்ப்போம், அதுவும் இப்படியென்றால் வேறு இடம் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டார்கள். அதாவது, இந்த முறை டின் மூடவில்லை என்றால் கம்பெனியையே மூட வேண்டியதுதான். முதலாளி கோவிந்தப்பா ஒரு பம்பாய் புரோக்கரைப் பிடித்து, துருக்கியில் ஏதோ ஒரு பழச்சாறு ஆலை கழித்துப்போட்ட டின் மூடும் மெஷினை வரவழைத்தார். அதைப் பூட்டிக் கொடுக்க அங்கிருந்தே ஒருவர் வந்தார். பெயர் நெஜாத்தி. ‘உஸ்தா’ என்று கூப்பிட வேண்டும். நம் ஊரில் மேஸ்திரி என்பதுபோல. கூடவே வர வேண்டிய மொழிபெயர்ப்பாளருக்கு பம்பாயிலேயே மஞ்சள் காமாலை கண்டுவிட்டது.

“ஏனப்பா துருக்கி,” என்றார் முதலாளி. என்னை அவர் நேரில் கூப்பிட்டது அதுதான் முதல் முறை. “உனக்கு அந்த பாஷை பர்த்தா?” பதற்றத்தில் அவருக்குக் கன்னடம் வந்துவிடும்.

“இலக்கணம் வரும் சார்,” என்றேன்.

இலக்கணம் வரும் என்பவனுக்கு மொழி வராது என்று ஊகிக்கிற நிலையில் அவர் இல்லை.

நெஜாத்தி உஸ்தா மலை மாதிரி ஆள். நரைத்த மீசை, துருத்திபோல நெஞ்சு. லாரியிலிருந்து இறங்கிய மெஷினைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தவரிடம் போய் வணக்கம் சொன்னேன். என் தோளில் கையை வைத்து அவர் சொன்ன முதல் சொல்: “ஓலும்.”

என் மகனே.

மயிர்க்கூச்செறிந்தது என்று எழுதினால் மிகை என்பீர்கள். இத்தனை நாள் காகிதத்தில் செத்துக் கிடந்த அந்த ‘உம்’, ஓர் உயிருள்ள வாயிலிருந்து, புகையிலை வாசத்தோடு, எனக்காக வந்து விழுந்தது. பெற்ற தகப்பன்கூட அதுவரை என்னை ‘என் மகனே’ என்று கூப்பிட்டதில்லை. (‘உன் மகன்’ என்று அம்மாவிடம் சொல்வதுண்டு. அதிலும் உடைமை உண்டு. ஆனால் கை மாற்றிவிட்ட உடைமை.)

அதற்கப்புறம் நடந்ததுதான் என்னைக் கெடுத்தது. ஒரு மெஷினைப் பூட்டுவதற்கு உடைமைப் பாடமே போதுமானதாக இருந்தது. “அனாஹ்தாரிம் யோக்” என்பார் உஸ்தா. என் ஸ்பேனர் இல்லை. “முனிராஜ் அண்ணா, அவர் ஸ்பேனர் காணோமாம்.” “இந்தா, என்னுதைக் குடு.” நான் நெஞ்சை நிமிர்த்தி அறிவிப்பேன்: அவருடைய ஸ்பேனர் உண்டு! அது என்ன செய்யும், எப்போது திரும்ப வரும் என்ற கேள்வியே எழவில்லை. கைதான் செய்கிறதே. முதலாளி தூரத்திலிருந்து பார்த்துவிட்டு, “பையன் பரவாயில்லையே” என்றார். லேபில் இருந்து என்னை ஆபீசுக்கு மாற்றப் போவதாகவும் காற்றுவாக்கில் ஒரு பேச்சு.

மெஷினின் உயிர், இரண்டு சின்ன எஃகு உருளைகள். டின்னின் விளிம்பையும் மூடியின் விளிம்பையும் சேர்த்து மடித்து அழுத்துபவை அவைதான். அவற்றை மட்டும் உஸ்தா மெஷினோடு கப்பலில் அனுப்பாமல், கம்பளித் துணியில் சுற்றித் தன் கைப்பையிலேயே கொண்டுவந்திருந்தார். பூட்டி, முடியளவு இடைவெளி பார்த்துச் சரிசெய்ய அவரால் மட்டும்தான் ஆகும்.

எல்லாம் முடிந்து, உருளை பூட்டுவது ஒன்றே பாக்கி என்ற நிலையில் செவ்வாய்க்கிழமை விடிந்தது. வாசலில் பெங்களூரா ரக மாம்பழ லாரிகள் வரிசை கட்டி நின்றன. கிருஷ்ணகிரி மண்டி வியாபாரி ஜாஃபர் பாயின் லோடு. பழம் பதமாகப் பழுத்து, காம்படியில் தேன் கட்டி, கம்பெனி முழுக்க ஒரு கிறக்கமான வாசம். அன்றைக்கே கூழாகி டின்னுக்குள் போகவில்லை என்றால் மறுநாள் அது வாசமாக இருக்காது.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம். புது மோட்டார், புது டிராக்டர், புது லாரி எதுவானாலும் ஓட்டுவதற்கு முன்னால் அம்மனிடம் காட்டிவிட வேண்டும். லாரி தானாகவே கோயிலுக்குப் போகும். கான்கிரீட்டில் போல்ட் போட்டு இறுக்கிய மெஷின் எப்படிப் போகும்? அதனால் அதன் சார்பாக ஓர் உறுப்பு போய்வரும். தேன்கனிக்கோட்டைப் பக்கம் காட்டோரம் ஓர் அம்மன், முனிராஜ் அண்ணனின் குலதெய்வம். கம்பெனிக்கு வந்த ஒவ்வொரு மெஷினின் ஏதோ ஒரு பாகம் அவள் காலடியில் உட்கார்ந்துவிட்டுத்தான் வந்திருக்கிறது. இந்த முறை அண்ணன், உள்ளதிலேயே முக்கியமானது எது என்று பார்த்து, ஓர் உருளையை எடுத்து மடியில் கட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளை உதைத்தார்.

“துருக்கி, பெரியவருகிட்ட ஒரு வார்த்த சொல்லிடு. மத்தியானத்துக்குள்ள எடுத்துகினு வந்துடுவேன்னு சொல்லு.”

“சொல்லிடறேண்ணா” என்றேன். அவர் சொன்னதில் இருந்தவை எல்லாமே வினைச்சொற்கள் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

உஸ்தா டீ குடித்துவிட்டு வந்தார். கம்பளித் துணியை விரித்தார். ஓர் உருளை இருந்தது. இன்னொன்றின் பள்ளம் மட்டும் இருந்தது. என்னைப் பார்த்து, “நெரெதெ?” என்றார். எங்கே?

எடுத்துக்கொண்டு, போய், காட்டி, வருவார். எதற்கும் என்னிடம் சொல் இல்லை. ஆனால் வேறொன்று இருந்தது. கண்ணை மூடினேன். ஒட்டுகள் ஒவ்வொன்றாக வந்து, பழகிய மாடுகள்போல அதது தன் இடத்தில் நின்றன.

“மகரனிஸ் தன்ரிச்சாமிஸின் எவிந்தெ.”

உங்கள் உருளை எங்கள் அம்மனின் வீட்டில். உருளையில் ‘உங்கள்’, அம்மனில் ‘எங்கள்’, அதன்மேல் ‘உடைய’, வீட்டில் ‘அவளது’, அதன்மேல் ‘இல்’. ஒரு பிசிறு இல்லை. நடுவில் ‘சாமி’ என்று வேறு கேட்கிறது பாருங்கள்! என் வாழ்நாளில் அதற்கு முன்னும் பின்னும் எந்த மொழியிலும் அப்படி ஒரு வாக்கியத்தை நான் கட்டியதில்லை.

உஸ்தா அசையாமல் நின்றார். பிறகு மெதுவாக, “கிமின்?” என்றார். யாருடையது?

யாருடையதா! ஆயுள் முழுக்க நான் காத்திருந்த கேள்வி. இரட்டை ஒட்டுப் போட்டு, நிறுத்தி நிதானமாக அறிவித்தேன்: எங்கள் அம்மனின் உருளை.

அவர் தொப்பியைக் கழற்றினார். நெஞ்சில் கையை வைத்துத் தலையைக் குனிந்து ஏதோ முணுமுணுத்தார். கண் கலங்கியிருந்தது. என் கன்னத்தைத் தட்டினார். என் இலக்கணத்துக்கு ஒரு மனிதன் தொப்பியைக் கழற்றுகிறான் என்று நான் நினைத்தேன். என்னை நீங்கள் மன்னிக்க வேண்டாம்.

பிறகு அவர் ஸ்பேனர்களைத் துடைத்துப் பெட்டியில் அடுக்க ஆரம்பித்தார். நான் சும்மா நிற்பேனா? ஒவ்வொன்றாக எடுத்து நீட்டினேன். உங்கள் ஸ்பேனர். உங்கள் சுத்தியல். உங்கள் எண்ணெய்க் குப்பி. எல்லாவற்றுக்கும் சரியான ஒட்டு. கேட்டுக்கொண்டே வந்த முதலாளி வாசலில் நின்றுவிட்டார்.

“என்னப்பா, ஆள் பெட்டி கட்றாரு?”

“அவர் சாமானை எல்லாம் அவருடையதுன்னு சொல்லிட்டிருக்கேன் சார்.”

“அது யாருக்கு வேணும்? எதுக்குக் கட்றார்னு கேளு!”

எதுக்கு என்பதற்கும் என்னிடம் சொல் இல்லை.

அந்த நேரத்தில், நல்லவேளை என்று நாங்கள் நினைக்க, முனிராஜ் அண்ணன் வந்து இறங்கினார். நெற்றி நிறைய குங்குமம். கையில் உருளை, மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, சாமந்திப் பூச் செருகி, முதல் பிறந்தநாள் குழந்தைபோல இருந்தது. “ஜோரான தரிசனம்! இந்தாங்க பெரியவரே, பூட்டுங்க!”

உஸ்தா ஓர் அடி பின்வாங்கினார். உருளையைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார், முகம் கறுத்தது. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, மோவாயால் வாசலைக் காட்டி முழங்கினார். மழைபோல வினைச்சொற்கள்.

“என்னாடா சொல்றாரு?” என்றார் அண்ணன்.

“யாருடையதுன்னு எதுவும் சொல்லலைண்ணா. அதான் புரியலை.”

பழம் என்னாயிற்று என்று சண்டை போட வந்த ஜாஃபர் பாய், அந்த மழையில் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டார். “இருங்க, இருங்க. வக்ஃபுங்கறாரே! தம்பி, நீ அவருகிட்ட என்னா சொன்னே?”

சொன்னேன். இரண்டு மொழியிலும். கொஞ்சம் பெருமையாகவே.

பாய் தலையில் கை வைத்துக்கொண்டார். “அடப் பாவி! சாமியோட பொருளுன்னு சொல்லிட்டியா? எங்கள்ல ஒரு பொருளை அல்லா பேருக்குன்னு குடுத்துட்டா முடிஞ்சுது. விக்கக் கூடாது, திரும்ப வாங்கக் கூடாது, தொடக் கூடாது. அவரும் போனாப் போகுது, சாமிக்குத்தானேன்னு பெரிய மனசு பண்ணிப் பெட்டியைக் கட்டிட்டாரு. இப்ப இந்த முனிராஜு கோயில்ல பூந்து அதைத் தூக்கினு வந்து நிக்கறான். எந்தச் சாமியா இருந்தா என்ன, சாமி வூட்ல திருடின பொருளை நான் கையால தொடுவேனாங்கறாரு!”

முனிராஜ் அண்ணன் கையிலிருந்த குழந்தையைப் பார்த்தார். “நானா திருடினேன்? டேய் துருக்கி!”

யோசித்துப் பார்த்தால் இன்றைக்கும் எனக்குப் புல்லரிக்கிறது. நான் உளறியிருந்தால் பிரச்சினையே இல்லை. உளறலை யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். நான் பிழையில்லாமல் சொன்னேன். எங்கள் ஊரில் யாருமே நினைக்காத ஒன்றை, ஓர் எழுத்துக்கூடப் பிசகாமல் சொல்லி, ஒரு கம்பெனியின் உயிரை அம்மன் பேருக்கு மாற்றி எழுதிவிட்டேன். அந்த மனிதர் அதை மறுபேச்சில்லாமல் ஏற்று, தொப்பியைக் கழற்றி விடைபெற்றிருக்கிறார்! தன் ஊரிலிருந்து மடியில் வைத்துக் கொண்டுவந்த பொருளை, பெயர்கூடத் தெரியாத ஒரு சாமிக்கு. அந்த நெஞ்சு துருத்தி இல்லை, வேறென்னவோ.

உஸ்தாவின் தீர்ப்பு தெளிவாக இருந்தது. கைசாடைக்கு இலக்கணம் வேண்டாம். திருடிய பொருள் திரும்பப் போக வேண்டும். அவரே வந்து பார்க்க வேண்டும். ஜாஃபர் பாயின் ஜீப்பில் கிளம்பினோம். முனிராஜ் அண்ணன் மடியில் துண்டு, துண்டில் உருளை. பின்னால் முதலாளியின் குரல்: “ஏ துருக்கி! பழம் போச்சுன்னா நீ திரும்பி வராதே! அந்த அம்மன் ஊட்டுலயே இரு!”

வழியெல்லாம் பாய் வாட்சையும் வானத்தையும் பார்த்து, “என் பழம், என் பழம்” என்று முனகிக்கொண்டு வந்தார். (உடைமைதான். ஆனால் ரசிக்க முடியவில்லை.)

கோயில் சின்னது. பூசாரி ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். பொறுப்பு அவர் மனைவியிடம். வாசலில் அவர் போட்டிருந்த கடலை மிட்டாய்க் கடையிலிருந்து எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். உள்ளே அம்மன் காலடியில் ஒரு டிராக்டர் சாவி, போர்வெல் போடும் ஆட்களின் ஓர் இரும்புப் பல், தையல் மெஷினின் பாபின். உஸ்தா செருப்பைக் கழற்றிவிட்டு நிலைப்படிக்கு வெளியே கை கட்டி நின்றார். முனிராஜ் அண்ணன் தயங்கித் தயங்கி உருளையை நீட்டினார்.

“என்னாய்யா இது, காலைல எடுத்துகினு போன பொருளு? மறுக்காவும் வந்துட்டே?”

“அம்மாளோடதுன்னு திருப்பிக் குடுக்க வந்தோம்.”

“அம்மாளுதா? எவன் சொன்னான்?”

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். உஸ்தாவும், ஏதோ புரிந்ததுபோல, என்னைப் பார்த்தார்.

அந்த அம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டார். “நல்லா சொன்னாங்க போ! தாலுகா முழுக்கக் கொண்டாந்து வெக்கறதை எல்லாம் அவ வெச்சுக்கறதுன்னா, நான் எங்க உக்காருவேன்? இது என்ன குடோனா? அவளுக்கு எதுக்குய்யா உன் இரும்பு? அவ பாத்தாப் போதும். காலைலயே பாத்துட்டா. எடுத்துகினு போங்க!”

சொல்லிவிட்டு அவர் செய்ததுதான் முக்கியம். உருளையை வாங்கி, பிறந்த குழந்தையைச் சொந்தக்காரர்களிடம் காட்டுவதுபோல, அம்மன் முகத்துக்கு நேராக ஏந்தி, இப்படியும் அப்படியும் திருப்பிக் காட்டினார். கற்பூரம் காட்டினார். பிறகு விடுவிடுவென்று வெளியே வந்து, உஸ்தாவின் கட்டியிருந்த கையைப் பிரித்து, உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கிவிட்டார்.

உஸ்தாவின் மீசை அசைந்தது.

“எமானெத்?” என்றார்.

“அமானிதம்! அமானிதமேதான் உஸ்தா!” என்று கத்தினார் ஜாஃபர் பாய். “நம்பிக் குடுத்து வெக்கறது, திரும்ப வாங்கறது!” இரண்டு பேரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அத்தனை நாளில் என் உதவியில்லாமல் நடந்த முதல் உரையாடல் அது. சரியாக நடந்த முதல் உரையாடலும் அதுவே.

உஸ்தா உருளையை உதட்டில் வைத்து முத்தமிட்டு நெற்றியில் வைத்துக்கொண்டார். முனிராஜ் அண்ணன் அதை வாங்கிக் கண்களில் ஒற்றிக்கொண்டார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். யாருடையது என்ற கேள்விக்கு இரண்டு பக்கமும் தலையாட்டினால்தான் உடைமை என்று நினைத்திருந்தவன் நான். இங்கே அந்தக் கேள்வியையே யாரும் கேட்கவில்லை. பார்த்தாள், கொடுத்தாள், வாங்கினார். எல்லாம் நான் படிக்காத அடுத்த பாடம்.

திரும்பும்போது பாய் ஜீப்பை விரட்டினார். காடு முடியும் இடத்தில் சட்டென்று நிறுத்தி இன்ஜினை அணைத்தார். ரோட்டில் யானைகள். ஒரு பெரியது, அதன் பின்னால் இன்னும் சில, நடுவில் கால்களுக்குள் கால்களாக ஒரு குட்டி. அவசரமே இல்லாமல், மாலை வெயிலில், புழுதி பொன்னாகப் பறக்க. எங்கள் ஊர்க்காரர்களுக்கு யானை என்றால் பயிர் போச்சு என்ற எரிச்சல்தான். ஆனால் உஸ்தாவின் முகத்தைப் பார்த்த பிறகு எங்களால் எரிச்சல்பட முடியவில்லை. வாயைப் பிளந்து, உருளையை நெஞ்சோடு அணைத்தபடி இருந்தார். பிறகு என் காதருகே குனிந்து, குழந்தைபோல, “கிமின்?” என்றார்.

“யாருதுன்னு கேக்கறாரு பாய்.”

“யாருதா? யோவ், இப்போதைக்கு இந்த ரோடே அதுங்களுதுன்னு சொல்லுய்யா!”

சொன்னேன்: “யோல் ஒன்லாரின்.” ரோடு அவர்களுடையது. உஸ்தா மிகுந்த மரியாதையோடு தலையசைத்தார். அன்று நான் சொன்னதில் பொருளும் சரியாக இருந்த வாக்கியம் அது ஒன்றுதான்.

பொழுது சாயும் நேரத்தில் உருளை ஏறியது. உஸ்தா இடைவெளி பார்த்தார், மஞ்சளைத் துடைத்தார், பூவை மட்டும் எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். முதல் டின் மூடி வந்தது. தலைகீழாகக் கவிழ்த்தார், ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை. எல்லோரும் கை தட்டினார்கள். அவர் மெஷினைத் தட்டி, “மகினெமிஸ்” என்றார். எங்கள் மெஷின். அல்லது நம் மெஷின். அந்த மொழியில் எங்களுக்கும் நமக்கும் வேற்றுமை கிடையாது. அந்த ‘மிஸ்’ஸுக்குள் நான் இருக்கிறேனா இல்லையா என்று இலக்கணத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. தமிழாக இருந்தால் உடனே தெரிந்துபோகும். நான் விழித்துக்கொண்டு நிற்க, அவர் என் கழுத்தில் கையைப் போட்டு இழுத்து நிறுத்திக்கொண்டார்.

முதலாளிக்கு அப்படி ஒரு குழப்பமும் இல்லை. ஜாஃபர் பாயின் லோடில் அடியில் இருந்த பழம் பூராவும் கனிந்து போயிருந்தது. அதைப் பிரிக்கும் பெண்களோடு அந்த சீசன் முழுக்க உட்கார வேண்டும் என்று எனக்கு உத்தரவாயிற்று. லேபும் போயிற்று, ஆபீசும் போயிற்று. அழுகிய பழத்தை எடுக்கும்போதெல்லாம் யாராவது ஒருத்தி தூக்கிக் காட்டி, “ஏண்ணா, இது யாருது?” என்பாள். “ஈயோடது” என்பேன். மொத்தக் கொட்டகையும் சிரிக்கும். கம்பெனி பிழைத்துக்கொண்டதால் அவர்களால் சிரிக்க முடிந்தது. எனக்கும் அதில் வருத்தம் இல்லை.

இந்தக் கதையைக் கல்யாணமான புதிதில் மனைவியிடம் சொன்னது என் அடுத்த தவறு. பிற்பாடு நான் கதை எழுத ஆரம்பித்து, என் முதல் புத்தகம் அச்சாகி வந்தபோது, வழக்கப்படி அதை அந்த அம்மனிடம் காட்ட வேண்டும் என்று பிடிவாதமாக அழைத்துப் போனாள். காலடியில் வைத்து, கற்பூரம் காட்டி, பூவோடு திருப்பிக் கொடுத்தார்கள். அப்போது மழலை மாறாத என் மகள் சத்தமாகக் கேட்டாள்: “ஏம்ப்பா, அம்மனும் வெச்சுக்கலையா?”

அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு புத்தகமும் அங்கே போயிருக்கிறது. இதுவரை ஒன்றையும் அவள் வைத்துக்கொள்ளவில்லை. போன மாதம் மாப்பிள்ளைக்கு என் புதுப் புத்தகத்தைக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவர் மரியாதைக்கு ஒரு பக்கம் புரட்டிவிட்டு, எங்கே வைப்பது என்று தெரியாமல் தவித்தார். சமையலறையிலிருந்து மகள் குரல் கொடுத்தாள்:

“பயப்படாதீங்க. ஒரு தடவ பாத்துட்டுத் திருப்பிக் குடுத்துடுங்க. அம்மனே அப்படித்தான் பண்றா.”